விளம்பரக்கார அண்ணனுக்கு ஒரு நினைவு மலர்

நோட்டீஸின் அடியில் அச்சகத்தின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். மேலே கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். நடுவில் உள்ளதை எழுதியவர் யாரென்று எங்கேயும் இருக்காது. முப்பது வருஷத்துக்குக் கிட்ட அப்படிப் பெயர் போடாமல் எழுதிய ஒருவர் போன பெரும்போக அறுவடை நேரம் காலமானார். மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் கடை வைத்திருக்கும் கனபேருக்கு அவரைத் தெரியும். வீட்டில் இருந்து அவர் எழுதியதை வாசித்தவர்களுக்கும் காதில் கேட்டவர்களுக்கும் தெரியாது.

குடும்பத்தார் விரும்பாததால் இங்கே அவருடைய பெயரைப் போடவில்லை. நாங்கள் அண்ணன் என்று கூப்பிட்டோம், அப்படியே எழுதுகிறேன்.

அவர் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்துப் பழைய மாணவர். நானும் அதே வந்தாறுமூலைதான், ஆனால் கலைப்பக்கம், அவருக்கு எத்தனையோ பெட்ச் பிந்தி. படித்து முடித்து அரச நியமனத்துக்குக் காத்திருந்த காலத்தில் அவருடைய அலுவலகத்தில் பிழை திருத்தவும் பக்கம் கட்டவும் போய்ச் சேர்ந்தேன். அவர் போனபிறகு, முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் போடவேண்டும் என்று அவருடைய பெட்ச்காரர்கள் வட்ஸ்அப்பில் முடிவெடுத்தார்கள். கனடாவில் இருப்பவர் காசு போடலாம், லண்டனில் இருப்பவர் கட்டுரை அனுப்பலாம், ஆனால் அச்சகத்துக்கு ஏறி இறங்க ஊரில் ஒரு ஆள் வேண்டுமே. அலுவல் என்னிடம் வந்தது. அப்புறம் எங்கள் ஊரில் இன்னும் இரண்டு பேர் தங்கள் வீட்டு மலருக்கு எப்படிச் செய்வது என்று என்னிடம் கேட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் அவரைப் பற்றியும் எழுதாமல் முடியாது.

அண்ணன் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவர். மட்டக்களப்புக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி 1981 ஆகஸ்ட் 1ஆம் திகதி வந்தபோது, வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயக் கட்டடங்களில் விஞ்ஞானமும் விவசாயமும்தான் தொடங்கின. 1986 அக்டோபரில் அது முழுப் பல்கலைக்கழகமானது. அதற்குப் பிந்தி நுழைந்தவர் அண்ணன். வயல் வேலையில் இருந்து தப்பத்தான் படிக்கப் போனேன், அங்கேயும் நெல்லைத்தான் தந்தார்கள் என்று பகிடியாகச் சொல்லுவார். 1990இல் படிப்பு குழம்பியது. பிறகு ஒருவழியாகப் பட்டத்தை முடித்துக்கொண்டு கொழும்புக்குப் போனார். விவசாய மருந்து விற்கும் ஒரு கம்பனியில் விற்பனைப் பிரிவுக்கு நேர்முகம். அங்கே மேசையில் கிடந்த தமிழ்த் துண்டுப்பிரசுரத்தை எடுத்துப் பார்த்து, இதில் சொன்ன அளவுக்கு மருந்து அடித்தால் பயிர் கருகும் என்று சொல்லியிருக்கிறார். விற்பனை வேலை கிடைக்கவில்லை, பிரசுரம் எழுதும் வேலை கிடைத்தது. அங்கிருந்து ஒரு விளம்பர நிறுவனம், வானொலி விளம்பரங்கள், பத்திரிகை விளம்பரங்கள். 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் வந்து பாதைகள் திறந்த பிறகு ஊருக்குத் திரும்பி, நகரத்தில் ஒரு மேல்மாடி அறையில் சொந்தமாகத் தொடங்கினார்.

இவ்வளவையும் நாங்கள் ஒருநாளில் தெரிந்துகொள்ளவில்லை. மலருக்கு முதலில் வந்த கட்டுரைகள் எல்லாம் ஒரே கட்டுரைதான். 'அன்பானவர், பண்பானவர், எல்லோருக்கும் உதவுபவர், அன்னாரின் இழப்பு ஈடுசெய்ய முடியாதது.' எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அண்ணனிடம் வேலை பழகிய எனக்கு அதை வாசிக்க வாசிக்கக் கை சிவப்புப் பேனையைத் தேடியது. நான் சேர்ந்த புதிதில் ஒரு தளபாடக் கடைக்கு 'தரமான பொருட்கள், நம்பிக்கையான சேவை, நியாயமான விலை' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுக் கேட்டார்:

"இத எதிர்க்கடைக்காரன்ட போர்டிலயும் போடலாம் தானே புள்ள?"

"போடலாம் அண்ணே."

"அப்ப இது ஆர்ட கடைக்கு?"

அவ்வளவுதான். கோபமில்லை. எழும்பிக் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். போனேன். அந்த முதலாளி கட்டில் விற்றால் வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பாகங்களைப் பொருத்திப் பூட்டிக் கொடுக்கிறார், வாவிக்கு அந்தப் பக்கம் என்றாலும் பாதையில் ஏற்றி அனுப்புகிறார் என்று தெரிந்தது. வாவியைக் கடக்க ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிப்போகும் மிதவையை நாங்கள் பாதை என்போம். 'படுவான்கரைக்கும் கொண்டுவந்து பூட்டித் தருவோம்' என்பது நோட்டீஸின் முதல் வரியானது. எதிர்க்கடைக்காரர் அதைப் போட முடியாது, அவர் செய்வதில்லை.

மலருக்கும் அதே கேள்வியைத்தான் பாவித்தேன். ஒரு வசனத்தில் அண்ணனின் பெயரை எடுத்துவிட்டு இன்னொருவரின் பெயரைப் போட்டாலும் பொருந்துமானால், அந்த வசனத்தை எழுதியவருக்குத் திருப்பி அனுப்பினேன். சிலர் மனம் நொந்தார்கள். அதனால் பிறகு முறையை மாற்றி, 'அவரைப் பற்றி எழுதுங்கள்' என்று கேட்பதையே விட்டுவிட்டேன். அப்படிக் கேட்டால் யாருக்கும் மேடைப் பேச்சுத்தான் வரும். அதற்குப் பதிலாகச் சின்னக் கேள்விகள் அனுப்பினேன். கடைசியாக உங்களோடு எதற்குச் சண்டை பிடித்தார்? காசு விஷயத்தில் எப்படி? அவர் சொல்லி நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று? விடுதியில் அவருடைய கட்டிலுக்குக் கீழே என்ன இருந்தது? சண்டைக் கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் வந்தன. செத்தவரைப் பற்றிச் சண்டையா என்று யோசிப்பீர்கள். சண்டையில்தான் ஆள் தெரியும். ஒருவர் அவுஸ்திரேலியாவில் இருந்து நீண்ட குரல்பதிவு அனுப்பினார். கல்யாண அழைப்பிதழில் விருந்து எத்தனை மணிக்கு என்று போடாததற்காக அண்ணன் அவரோடு கனகாலம் கதைக்காமல் இருந்தாராம். 'வாற சனம் எத்தின மணிக்குச் சாப்பிடுறது' என்பதுதான் கோபம்.

குரல்பதிவு அனுப்பச் சொல்வது நல்ல வழி. எழுதச் சொன்னால் எழுத்துநடைக்கு ஏறிவிடுகிறவர்கள் பேசும்போது ஆளாகப் பேசுகிறார்கள். ஆனால் அதைத் தட்டச்சு செய்த பிறகு பேசியவருக்கு ஒருதரம் காட்டுங்கள். இருட்டில் தனியாக இருந்து பேசியதை அச்சில் பார்க்க எல்லோருக்கும் சம்மதம் இராது.

இனி பொருட்கள். விளம்பரக்காரரின் வேலைகளைத் தேடுவதுதான் இதில் கஷ்டமான பகுதி, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். அவரே எதையும் ஒழுங்காகச் சேர்த்து வைக்கவில்லை. வீட்டில் இருந்தது ஒரு தகரப் பெட்டி. அதற்குள் கசெட்டுகள், சுருண்டுபோன ஃபெக்ஸ் தாள்கள், பத்திரிகைத் துண்டுகள், ஒரு நெல் மாதிரிப் பொட்டலம்.

ஃபெக்ஸ் தாள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அது சூட்டில் எழுத்து விழும் தாள். வருஷம் போகப்போக எழுத்து மங்கிப் போய்விடும். பாதுகாக்கிறோம் என்று லமினேட் பண்ணினால் மெஷின் சூட்டுக்குத் தாள் முழுக்கக் கறுத்துவிடும். யன்னல் வெளிச்சத்தில் தட்டையாக வைத்துப் படம் எடுத்து, தொலைபேசியிலேயே கறுப்பைக் கூட்டினால் போதும், மங்கியதும் ஓரளவு வாசிக்கலாம். கொழும்பில் இருந்த காலத்து வானொலி விளம்பரம் ஒன்றின் பிரதி இப்படித்தான் கிடைத்தது. 30 வினாடி விளம்பரம், ஏறக்குறைய 50 சொல். ஓரத்தில் பேனையால் ஒவ்வொரு வரிக்கும் வினாடி குறித்திருக்கிறார். ஒரு இடத்தில் 'இங்கே மூச்சு' என்று எழுதியிருந்தது. அறிவிப்பாளர் எங்கே மூச்சு விடவேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்திருக்கிறார் மனுஷன்.

கசெட்டுகளில் அவசரப்படக் கூடாது. எங்கள் கடற்காற்றுக்கும் மாரிக்கும் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும். அதை அப்படியே போட்டால் நாடாவும் கெடும், மெஷினும் கெடும், அடுத்துப் போடும் கசெட்டுக்கும் தொற்றும். அப்படியானதைத் தனியே எடுத்து வையுங்கள். நல்லதாக இருப்பதை முதலில் முழுக்கச் சுற்றி, திரும்பச் சுற்றி, பிறகு போடுங்கள். மெஷினின் தலையைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். தொலைபேசியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்துப் பதிவு செய்வதை விட, வயர் கொழுவி நேரே கணினிக்கு எடுப்பது எத்தனையோ மேல். சரி, ஓடுகிற கசெட் மெஷின் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கும்? கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர்களிடம் கேளுங்கள். எங்களுக்கு அங்கேதான் கிடைத்தது. தம்பி ஒருவர் சுப்ரபாதக் கசெட்டுக்காகவே நல்ல மெஷின் ஒன்றைத் துடைத்து வைத்திருந்தார்.

பெட்டியை விடக் கூடுதலாகக் கிடைத்தது ஊர் வீடுகளின் சுவர்களில். கடைகள் வருஷாவருஷம் கொடுக்கும் கலண்டர்களில் மேலே சாமிப் படம், கீழே கடைப் பெயர், அதற்குக் கீழே திகதித் தாள்கள். வருஷம் முடிந்தால் திகதித் தாள் போய்விடும், சாமிப் படத்தை எறிய யாருக்கும் மனம் வராது. சிலர் கண்ணாடி போட்டு மாட்டிவிடுவார்கள். அண்ணனுக்கு அது தெரியும். அதனால் கடையின் தொலைபேசி இலக்கத்தையும் 'மணிக்கூட்டுக் கோபுரத்தடி' என்ற மாதிரி அடையாளத்தையும் திகதித் தாளோடு சேர்த்துப் போட விடமாட்டார், படத்தின் அடியோடு ஒட்டித்தான் போடுவார். ஒரு வருஷக் காசுக்குக் கனவருஷ விளம்பரம். அவருடைய அக்கா வீட்டுச் சாமியறையில் பிள்ளையாருக்குக் கீழே ஒரு கடையின் பெயர் இன்னும் இருக்கிறது. கடை இப்போது இல்லை.

வருஷம் போடாத நோட்டீஸ்களை எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்கத் தொலைபேசி இலக்கம் உதவும். 065 என்ற மட்டக்களப்புக் குறியீட்டுக்குப் பின்னால் இப்போது போல ஏழு இலக்கம் இல்லாமல் குறைவாக இருந்தால் அது 2000களின் தொடக்கம் அல்லது அதற்கு முந்தியது. ஆட்களிடம் திகதி கேட்கும்போதும் 'எந்த வருஷம்' என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். சூறாவளிக்கு முந்தியா, பிந்தியா என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். 1978 நவம்பர் சூறாவளி, 1990 யுத்தம், 2004 சுனாமி, புதுப்பாலம் திறந்தது. எங்கள் சனத்தின் கலண்டர் அது.

புதுப்பாலம் என்றதும் ஞாபகம் வருகிறது. கல்லடியில் பழைய பாலம் 1924இல் கட்டியது, லேடி மனிங் பாலம். ஒடுக்கம். ஒரு பக்க வாகனம் வந்து முடியும் வரை மற்றப் பக்கம் நிற்கவேண்டும். அப்படி நிற்கிறவர்களின் கண் எங்கே போகும் என்று பார்த்து, பாலத்தின் இரண்டு தலைப்பிலும் போர்டு வைக்க இடம் பிடிப்பதில் அண்ணன் கெட்டிக்காரர். நிற்கிற ஆளுக்கு நாலு வரி எழுதலாம் என்பார். மற்ற வீதிகளில் ஓடுகிற ஆளுக்கு ஒரு வரிதான். 100 அடியில் இருந்து வாசிக்க எழுத்து 10 அங்குலமாவது உயரம் வேண்டும், தமிழுக்குக் கொம்பும் சுழியும் இருப்பதால் இன்னும் கொஞ்சம் கூட்டு என்பது அவருடைய கணக்கு. 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் திறந்ததும் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அண்ணனும் சந்தோஷப்பட்டார். திறந்த கையோடு தன் வாடிக்கையாளர்களுக்குப் போன் எடுத்து, அந்த இடத்துக்கு இனிக் காசு கட்டாதேங்கோ, ஆரும் நிக்கமாட்டாங்க என்று சொன்னார். போர்டு போனால் அவருக்கும் வருமானம் போகும். இந்தக் கதையை ஒரு முதலாளி சொல்லி, இன்னொரு முதலாளியும் தனியாகச் சொன்னார். இரண்டு வாயால் வந்த பிறகுதான் மலரில் போட்டேன். நல்ல கதைகள் நிறைய ஒரே வாயால்தான் வரும், அவற்றை 'இன்னார் சொல்கிறார்' என்று போடுவது பாதுகாப்பு.

அவர் மிகவும் ரசித்துச் செய்தது ஓட்டோ விளம்பரம். ஓட்டோவின் மேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊருக்குள் போவது. மற்றவர்கள் பதிவு செய்து சாரதியிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். இவர் முதல் நாள் தானே பின்சீற்றில் ஏறிப் போவார். ஒரு வீட்டுக்காரருக்கு ஓட்டோ தெளிவாகக் கேட்கும் நேரம் இருபது, இருபத்தைந்து வினாடி. அதற்குள் கடைப்பெயர் இரண்டு தரமும், என்ன விலை என்பது ஒரு தரமும் வரவேண்டும். தொடக்கத்திலேயே 'அன்பார்ந்த பொதுமக்களே' என்று இழுத்தால் அந்த வீட்டைத் தாண்டிவிடும், அடுத்த வீட்டுக்குத்தான் கடைப்பெயர் போகும். கொப்பியில் ஒரு வழித்தடம் எழுதி வைத்திருப்பார். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏறாவூர், காத்தான்குடிப் பக்கம் போகக் கூடாது. பாங்கு சொல்லும் நேரம் நிறுத்து. பள்ளிக்கூடம் நடக்கும்போது சுற்றிப் போ. வீதியில் சாவீட்டு வெள்ளைக் கொடி கட்டியிருந்தால் அந்த ஒழுங்கை முடியும் வரை ஒலியை நிறுத்து. அந்தக் கொப்பியின் ஒரு பக்கத்தை அப்படியே படம் எடுத்து மலரின் நடுப்பக்கத்தில் போட்டோம். வந்தவர்கள் எல்லோரும் முதலில் வாசித்தது அதைத்தான்.

விவசாயம் படித்தது வீண் போகவில்லை. மற்ற விளம்பரக்காரர்கள் தீபாவளி, நோன்புப் பெருநாள், பொங்கல் என்று கணக்குப் போடும்போது இவர் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் மட்டத்தைக் கேட்பார். படுவான்கரையில் கையில் காசு வருவது பெரும்போகம் வெட்டி நெல் விற்றபிறகு, மாசி பங்குனியில். சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் இருந்தால்தான் ஆடி ஆவணியில் இன்னொரு காசு. தொலைக்காட்சிப் பெட்டி விற்கிற ஒருவர் கார்த்திகை மழையில் நோட்டீஸ் அடிக்க வந்தபோது, இப்ப சனம் உரத்துக்கு நகை அடகு வைக்கிற நேரம், உங்கட காசைத் தண்ணியில விடாதேங்கோ, மாசியில வாங்க என்று திருப்பி அனுப்பியதை நானே பார்த்தேன். அலுவலக வாடகைக்குக் காசில்லாத மாதம் அது. அக்கா, அதாவது அவருடைய மனைவி, இதை வாசித்துவிட்டு, "அந்த மாதம் என்ட காப்புத்தான் போனது, அதையும் எழுது" என்றார். எழுதினோம். மலர் அதனால் நல்லதாயிற்று என்பது என் எண்ணம். ஒருவரின் நல்ல குணத்துக்கு வீட்டில் யார் விலை கொடுத்தார் என்பதையும் போடவேண்டும்.

சுனாமிக்குப் பிறகு உதவி நிறுவனங்களின் பெயர்ப்பலகை வேலை மலைபோல வந்தது. கிணற்றுக்கு ஒரு பலகை, கழிப்பறைக்கு ஒரு பலகை. அலுவலகம் நிமிர்ந்ததே அந்தக் காசில்தான், ஆனால் அவற்றின் ஒரு படத்தையும் அவர் வைத்திருக்கவில்லை. வைத்திருந்தது, அந்த முதல் கிழமைகளில் காசு வாங்காமல் அடித்துக் கொடுத்த காணாமல் போனவர்களின் அறிவித்தல்கள். படம், பெயர், வயது, கடைசியாக உடுத்திருந்த உடுப்பு, கண்ட இடம், சொல்லவேண்டிய விலாசம். வேறொன்றும் இல்லை. அவற்றை மலரில் போடுவதா என்று கதைத்து, வேண்டாம் என்று விட்டோம். அந்தக் குடும்பங்களிடம் கேட்காமல் போட முடியாது.

கதைக்கவேண்டிய இன்னொன்று 1990. அந்த வருஷம் யுத்தம் மூண்டபோது வந்தாறுமூலை வளாகம் அகதி முகாமானது. செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள், திரும்பி வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளை நினைவுகூருகிறார்கள். அண்ணன் அப்போது எங்கே இருந்தார், என்ன பார்த்தார் என்பதைப் பற்றி வாழ்நாளில் கதைத்ததில்லை. பெட்ச்காரர்களில் இருவர் அதைப் பற்றி விரிவாக எழுத விரும்பினார்கள். அக்கா விரும்பவில்லை. கடைசியில், '1990இல் படிப்பு இடைநின்றது, அந்த வளாகத்தில் நடந்ததைப் பற்றி அவர் ஒருபோதும் கதைக்கவில்லை' என்ற ஒரு வசனத்தோடு நிறுத்தினோம். நினைவு மலர் செய்கிறவர்கள் எங்கள் ஊரில் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் இருக்க முடியாது. வீட்டில் இருப்பவர் எதை வைத்துக்கொண்டு நாளைக்கும் வாழவேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். எழுத விரும்பியவர்கள் தங்கள் பெயரில் வேறு இடத்தில் எழுதலாம், எழுதவும் வேண்டும்.

படங்களுக்கு வருகிறேன். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வரும், அச்சில் மங்கும். 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். பழைய அல்பத்தில் ஒட்டியிருக்கும் படத்தைப் பிய்க்க வேண்டாம், பக்கத்தோடு ஸ்கேன் பண்ணுங்கள். விடுதிக் குழுப் படம் கிடைத்தால் உடனே அதிலுள்ள இரண்டு பேரிடமாவது தனித்தனியாகக் காட்டி, இடமிருந்து வலமாகப் பெயர் எழுதுங்கள். மீசையும் முடியும் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி.

அச்சு வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ5 அளவு, நடுவில் பின் அடிப்பது. பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக வரவேண்டும், 37 பக்கம் வந்தால் 40 ஆக்குங்கள் அல்லது ஒன்றைக் குறையுங்கள். தேவார திருவாசகங்களை ஒரே இடத்தில், கடைசியில் சேர்த்துப் போட்டால் கிரியை அன்று பாடவும் சுகம், மற்ற நாட்களில் வாசிக்கவும் சுகம். எங்கள் பக்கத்து அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருதான். நீங்கள் யூனிகோட்டில் அனுப்பினால் அவர்கள் மாற்றுவார்கள். மாற்றும்போது காற்புள்ளி இருந்த இடத்தில் எல்லாம் 'இ' வந்து நிற்கும், மேற்கோள் குறிகள் வேறேதாவது எழுத்தாகும், கிரந்த எழுத்துகள் உடையும். ஆகவே கடைசிப் பிரதியைத் திரையில் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். தாளில் எடுத்து, அதுவும் விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிறந்த திகதி, இறந்த திகதி, பிள்ளைகள் மருமக்கள் பெயர்கள் இவற்றை வீட்டார் ஒருவர் வாசித்துக் கையெழுத்து வைக்கட்டும். நாங்கள் போன அச்சகத்துக் காக்கா (மூத்த முஸ்லிம் ஆட்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), அண்ணனோடு இருபது வருஷம் சண்டை பிடித்தவர். பிரதியைப் பார்த்துவிட்டு, "உங்கட அண்ணன் இருந்தா இந்த அட்டையில பூவை எடுக்கச் சொல்லுவாரு" என்றார். பூவை எடுத்தோம்.

அட்டையில் அண்ணனின் படமும் பெயரும் மட்டும். உள்ளே முதல் பக்கத்தில் அவர் எழுதிய விளம்பர வரிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே கடை இருந்த ஊர், தெரிந்தவற்றுக்கு வருஷம். கடைக்காரர்களிடம் முதலே கேட்டோம், எல்லோரும் சம்மதித்தார்கள். ஒரேயொருவர் மட்டும் அந்த வரியைத் தானே சொன்னதாகவும், அண்ணன் எழுதினது மட்டும்தான் என்றும் சொன்னார். இருவர் பெயரையும் போட்டோம். உண்மையில் அது எப்படி என்று யாருக்குத் தெரியும், நல்ல வரிகள் சிலவேளை முதலாளியின் வாயில் இருந்துதான் வரும், அண்ணனும் அதை ஒளிக்கவில்லை. கடையில் ஒரு மணித்தியாலம் சும்மா இரு, வாங்க வாற ஆக்கள் என்ன கேக்கிறாங்க எண்டு கேள் என்பதுதான் எனக்கு அவர் தந்த முதல் வேலையே.

முப்பத்தோராம் நாள் வீட்டில் கொடுத்தது போக மீந்த பிரதிகளில் ஒன்றைப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் ஒன்றை மட்டக்களப்புப் பொது நூலகத்துக்கும் கொடுத்தோம். நூலகம் நிறுவனத்தினர் இணையத்தில் ஈழத்து நினைவு மலர்களையும் ஆவணப்படுத்துகிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கலாமா என்று வீட்டாரிடம் கேட்டிருக்கிறேன், வருஷத் திவசத்துக்குப் பிறகு பார்ப்போம் என்றிருக்கிறார்கள். அதுவரைக்கும் பூஞ்சணம் பிடித்த கசெட்டுகள் என்னிடம் அரிசிப் பையோடு ஒரு டப்பாவில் இருக்கின்றன. அவற்றைத் துப்புரவாக்கத் தெரிந்தவர்கள் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருந்தால் சொல்லுங்கள். 2002 முதல் சுனாமி வரையான காலத்துக் கடைக் கலண்டர் யார் வீட்டுச் சாமியறையிலாவது தொங்கினால், கழற்ற வேண்டாம், அடிப்பகுதி தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். சாமிக்கு விளக்கு வைத்து வைத்து அந்த இடம்தான் முதலில் கறுத்துப் போகிறது.